சான்றிதழுக்கு முந்தைய அனுமதி

புதிய விமானம் ஒன்று பறக்கத் தகுதியுடையது என்பதைப் பறந்து காட்டியே மெய்ப்பித்தல் வேண்டும். ஆனால் தகுதிச் சான்றிதழ் இல்லாத விமானம் பறக்கலாகாது என்பது சட்டம். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண ஏற்பட்டதே தற்காலிகப் பறப்பு அனுமதி. இதனைச் சலுகை என்று எண்ணுவோர் உளர். அனுமதிப் பத்திரத்தைப் படித்தவர் அவ்வாறு சொல்லார். எந்த வேகத்துக்குள், எந்த உயரத்துக்குள், எவ்வளவு எடையுடன், எந்த வானிலையில், யாரை ஏற்றிக்கொண்டு, எந்நாள் வரை என்ற வரம்புகளே அப்பத்திரத்தின் உள்ளடக்கம். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 31ஆம் விதி பன்னாட்டுப் பறப்பில் ஈடுபடும் விமானத்துக்குத் தகுதிச் சான்றினைக் கோருகின்றது. எனவே தற்காலிக அனுமதி மட்டும் பெற்ற விமானம், அயல்நாடு தனியே இசைந்தாலன்றி, எல்லையைக் கடக்க இயலாது.

இராணுவ விமானங்களுக்கும் இம்முறை படிப்படியாகவே அமைந்துள்ளது. தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று பெங்களூருவில் முதன்முறை பறந்தது. தொடக்கச் செயற்பாட்டு அனுமதியின் இரண்டாம் கட்டம் 2013 டிசம்பர் 20 அன்றும், இறுதி அனுமதி 2019 பிப்ரவரியிலும் கிடைத்தன. இறுதி அனுமதிக்குக் காத்திராமல், 2016 ஜூலை 1 அன்று இரண்டே விமானங்களுடன் 45ஆம் படையணி உருவாயிற்று. 2018இல் அது கோவையை அடுத்த சூலூருக்குப் பெயர்ந்தது. வானில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் திறன் போன்றவை இறுதி அனுமதியோடு சேர்ந்தவை. அதுவரை விமானிகள் குறைந்த வரம்புக்குள் நின்றே அதனைப் பழகினர். காலம் நீண்டது குறைதான். ஆயினும் வரம்பைத் தளர்த்தி அதனைச் சுருக்க முனையாதது நன்று.

வரம்புக்குள் நிகழும் சோதனையும் ஆபத்தற்றதன்று. தேசிய வான்வெளி ஆய்வகத்தின் சாரஸ் இரண்டாம் முன்மாதிரி, 2009 மார்ச் 6 அன்று, நிறுத்திய எஞ்சினை வானில் மீண்டும் இயக்கும் சோதனையின்போது பிடதி அருகே வீழ்ந்தது. விமானப்படை அதிகாரிகள் மூவர் உயிரிழந்தனர். விமானத்தில் பயணிகள் எவரும் இல்லை; சோதனைப் பறப்பில் இன்றியமையாத பணியாளர் மட்டுமே ஏறலாம் என்ற நிபந்தனையின் பொருள் அன்று விளங்கிற்று. மாற்றியமைக்கப்பட்ட சாரஸ் 2018 ஜனவரி 24 அன்று மீண்டும் பறந்தது, அதுவும் சோதனை விமானமாகவே.