பம்பாய்ச் சவரனும் அதன் தரமும்



தங்கத்தை நிறுக்கும்போது நாம் பவுன் என்கிறோம். சவரன் என்றும் சொல்கிறோம். இரண்டும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சொற்கள். பவுன் என்பது பவுண்டு. சவரன் என்பது அந்த ஒரு பவுண்டு மதிப்பில் வழங்கிய பொற்காசின் பெயர். 22 காரட் பொன்னாலான அக்காசின் எடை 7.98 கிராம்; நகைக்கடைகளில் இன்றும் எட்டு கிராமை ஒரு சவரனாகக் கணக்கிடுவது அதனால்தான். காசு வழக்கொழிந்தது, பெயர் எடையாக நின்றுவிட்டது. ஆயினும் நம்மவர் பலர் வீட்டுப் பெட்டிகளில் அக்காசே இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது. அத்தகைய பழங்காசுகளின் தரத்தை வல்லுநர்கள் எவ்வாறு அறுதியிடுகிறார்கள் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

ஐரோலியில் ரயிலேறித் தாணேயில் வண்டி மாறிக் கோட்டைப் பகுதிக்கு அலுவலுக்குச் செல்லும் நாம், அங்கே ரிசர்வ் வங்கிக்கு அருகில் உயர்ந்த தூண்களோடு நிற்கும் நாணயசாலையைக் காணாதிருக்க முடியாது. 1820களில் கட்டப்பட்டது அது. முதல் உலகப்போரின்போது லண்டன் ராயல் மின்ட்டின் கிளையொன்று அவ்விடத்தில் அமைந்து, ஏறத்தாழ 13 லட்சம் சவரன்களை அச்சிட்டது. அவை யாவும் 1918 என்ற ஆண்டைத் தாங்கியவை. ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கத்தில் குதிரைமீதமர்ந்து பறவைநாகத்தை வீழ்த்தும் புனித ஜார்ஜ். குதிரையின் காலடி நிலத்தில், ஆண்டெண்ணுக்குச் சற்று மேலே, இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்னும் சிறிய ஆங்கில எழுத்து காணப்படும். அவ்வெழுத்து இருந்தால் அது பம்பாயில் பிறந்த காசு. ஆங்கில நாட்டின் நாணயம், இந்திய மண்ணில் அச்சானது!

இனித் தரத்துக்கு வருவோம். முற்காலத்தில் விற்பவரே தரம் சொல்வார். வாங்குபவர் நம்புவார், அல்லது வாதாடுவார். பிரிட்டிஷ் வணிகர்கள் அதற்கென்று சில சொற்களை வழங்கினர்: ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்பன அவை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இவை வேடிக்கையாகத் தோன்றும். ‘ஃபைன்’ என்றால் நேர்த்தி என்று எழுதத் தோன்றுமன்றோ? நாணய வணிகத்திலோ, பல்லாண்டு கைமாறி நன்றாகத் தேய்ந்துபோன காசுக்கே அப்பெயர். அதனினும் தேய்ந்ததற்கு ‘குட்’ என்று பெயர்! அகராதியை நம்பி வாங்கியவர் ஏமாந்துதான் போவார்.

1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை எண்ணளவை ஒன்றை வகுத்தார். 70 எண் பெற்ற காசு, 1 எண் பெற்றதைப்போல் எழுபது மடங்கு விலை பெறவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த விலைக்கணக்கு நிலைக்கவில்லை, எண்கள் நிலைத்துவிட்டன. 1980களின் பிற்பகுதியில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் தோன்றின. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே மூன்றாமவராக நின்று தரம் சொல்வது இவற்றின் தொழில். காசை ஆராய்ந்து, எண்ணிட்டு, திறந்தால் தடயம் தெரியும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. 60க்கு மேற்பட்ட எண், புழக்கத்தில் தேயாத காசுக்கே உரியது.

ஆராய்பவர் முதலில் பார்ப்பது காசு மெய்யா பொய்யா என்பதை. பொன் சரியாக இருப்பது போதாது. 1950களில் இத்தாலியிலும் பிற இடங்களிலும் உண்மையான பொன்னைக்கொண்டே கள்ளச் சவரன்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. அடுத்து, ஒற்றை விளக்கின்கீழ் காசைச் சாய்த்துத் திருப்புவார். அச்சில் அடிபடும்போது உலோகம் விளிம்பை நோக்கிப் பாய்ந்து நுண்ணிய கோடுகளை விடுகிறது. அக்கோடுகளில் பட்ட ஒளி, காசைத் திருப்புகையில் சக்கரம்போல் சுழலும். மேடான இடங்களில் அவ்வொளி அறுபட்டிருந்தால் காசு தேய்ந்தது என்று பொருள். சவரனில் மன்னரின் புருவமும் தாடியும், புனித ஜார்ஜின் தொடையும், குதிரையின் தோளும் முதலில் தேயும்.

இங்கேதான் நம் குடும்பங்களுக்கு இழப்பு நேர்கிறது. நம் அடுக்ககத்தில் தஞ்சை மாவட்டத்து மூதாட்டி ஒருவர் இருக்கிறார். பேரனின் கல்லூரிக் கட்டணத்தை முன்னிட்டு, தாம் காத்துவந்த இரண்டு சவரன்களையும் நான்கு வெள்ளி ரூபாய்களையும் நம்மிடம் காட்டினார். ஒரு சவரனில் காசுமாலைக்காக வளையம் பற்றவைத்திருந்தது. மற்றொன்று பளபளவென்று மின்னியது. “மாமி, இதை எதனால் சுத்தம் செய்வீர்கள்?” என்று கேட்டோம். “பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து, பிரஷால் நன்றாகத் தேய்ப்பேன். வெள்ளிக்கு விபூதி. லட்சுமியை அழுக்காக வைக்கலாமா?” என்றார் அவர்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒளியின் சக்கரம் இல்லை; ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களே இருந்தன. இத்தகைய காசை நிறுவனங்கள் மெய்யானது என்று ஒப்புக்கொள்ளும். ஆனால் எண் தராமல், ‘துலக்கப்பட்டது’ என்று உறையில் எழுதிவிடும். வளையம் பற்றவைத்ததற்கும் அதே கதி. ரூபாய்களில் ஒன்று விக்டோரியாவின் 1862ஆம் ஆண்டுக் காசு. பம்பாயில் அந்த ஆண்டெண்ணை மாற்றாமலே சில ஆண்டுகள் ரூபாய் அச்சிட்டு, உண்மையான ஆண்டைச் சிறு புள்ளிகளால் குறித்தார்கள். சேகரிப்போர் அப்புள்ளிகளை எண்ணியே விலை பேசுவர். விபூதி அவற்றையும் மழுக்கியிருந்தது. நாம் அவரைக் குறை கூறவில்லை. அறுபதாண்டு பக்திக்கு யார்தான் தரம் போட முடியும்? வளையமிட்ட காசைப் பொன் விலைக்கே கொடுத்துவிடலாம் என்றோம். துலக்காத காசு எவரிடமேனும் இருந்தால் துடைக்கவும் வேண்டாம். விளிம்பைப் பிடித்தே எடுக்கவேண்டும்.

துலக்காத சவரனையெல்லாம் உறையிடச் செய்யலாமா? நம் அபிப்பிராயத்தில் பெரும்பாலும் வேண்டியதில்லை. பம்பாய்ச் சவரன் அரிய காசன்று. நடுத்தரமான காசு பொன் விலையை ஒட்டியே போகும். கட்டணமும் காப்பீட்டு அஞ்சலும் கிடைக்கும் ஆதாயத்தை விழுங்கிவிடும். சிறிதும் தேயாத காசுக்கே அச்செலவு தகும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் சட்டமும் குறுக்கிடுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத நாணயமும் தொல்பொருளே. மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ அன்றி, வேறெவரும் அதை ஏற்றுமதி செய்யலாகாது. 1918ஆம் ஆண்டுச் சவரன் 2018இல் அவ்வெல்லையைக் கடந்துவிட்டது. “அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் வாங்கித் தருகிறேன்” என்று எவரேனும் காசைக் கேட்டால், அது எவ்வழியாக, எவருடைய அனுமதியுடன் செல்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொல்பொருள் விற்பனைக்கும் அச்சட்டம் உரிமம் கோருகிறது. அவ்வுரிமத்தைக் காட்டச் சொன்ன பின்னரே காசைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம்.