உதவிப் பணமும் கடன் கொடுத்தவரும்



2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னி மாவட்டங்களில் காலிழந்தோரையும் கண்ணிழந்தோரையும் பலராக விட்டுச் சென்றது. பின்னர், வீடும் வயலும் திருத்துவதற்கென நுண்கடன் அவ்வூர்களுக்குள் நுழைந்தது. உழைக்க இயலாதவர் இல்லத்திற்கு மாதந்தோறும் வரும் பணம் பிரதேச செயலகத்தின் வழியாகக் கிடைக்கும் உதவித்தொகையே. தவணை தவறியதும் கடன் கொடுத்தவரின் கண் அதன்மீது விழுகின்றது. அப்பணத்தை அவர் எடுத்துக்கொள்ள முடியுமா?

கடன் பட்டவர் அதனைத் தீர்க்கக் கடமைப்பட்டவரே. ஆயினும், நீதிமன்றத் தீர்ப்பும் அதனை நிறைவேற்றும் கட்டளையும் இன்றி, ஈடு வைக்கப்படாத பொருளைக் கைப்பற்றும் உரிமை வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பவருக்கு இல்லை.

தீர்ப்புப் பெற்றவரும் விரும்பியதெல்லாம் எடுத்துவிட இயலாது. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தனது 218 ஆம் பிரிவில் கைப்பற்றத் தகாதவற்றை வரிசைப்படுத்துகின்றது. உடுக்கும் துணி, படுக்கை, தொழிற் கருவிகள், கமக்காரனின் பிழைப்புக்கு வேண்டிய மாடும் விதைநெல்லும், தொழிலாளர் கூலி, அரசாங்கத்தின் இராணுவ, சிவில் ஓய்வூதியம் ஆகியன அவற்றுட் சில. வேலையில் ஊனமுற்றவர் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி பெறும் தொகைக்கும் அத்தகைய காப்பு உண்டு. பிழைக்கும் வழியை அடைத்துவிட்டுக் கடனைக் கேட்பதில் நியாயமில்லை என்பதே இவற்றின் உட்கருத்து.

1889 இல் அவ்வரிசை எழுதப்பட்டபோது, வலுவிழந்தோருக்கான மாதாந்த உதவித்தொகை நாட்டில் இருக்கவில்லை. ஆதலால் ஓய்வூதியத்தைப் போல் அதன் பெயர் அங்கு எழுதப்படவில்லை. எனவே, நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அஞ்சி வீட்டிலிருத்தல் தவறு. செல்லாதொழிந்தால் ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படலாம். நேரிற் சென்று, இது எவ்வகைப் பணம் என்பதை எடுத்துரைத்தல் வேண்டும். உதவித்தொகையைப் பிற பணத்தோடு கலவாது தனிக்கணக்கில் வைத்திருப்பின், அதனை மெய்ப்பித்தல் எளிது.

நீதிமன்றத்தினும் அஞ்சத்தக்க வழி வேறொன்றுண்டு. வங்கிப் புத்தகத்தையும், பணம் எடுக்கும் அட்டையையும், அதன் இரகசிய இலக்கத்தையும் நாமே கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைத்து விடுவதே அது. வேலியை நாமே பிரித்துவிட்டுப் பயிர் போயிற்றென்று வருந்துவதற்கு அது ஒப்பாகும்.

வழக்கறிஞரை அமர்த்தப் பொருளில்லாதோருக்கு, 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு துணைநிற்கின்றது. எந்தத் தாளிலும் கையொப்பமிடுவதற்கு முன்னர் அதன் ஆலோசனையை நாடுங்கள். கடனைத் தவணை குறைத்துத் தீர்க்க உடன்படுவது நேர்மை. உண்ணும் சோற்றுக்கான பணத்தை அச்சத்தால் இழப்பது நேர்மையின் பாற்பட்டதன்று.