மங்கிய கண்களும் மங்காத உரைநடையும்



பயணத்தையும் போரையும் பழைய வரலாற்றையும் கதைபோல் சுவைபடக் கூறும் நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெரிதும் விரும்பிப் படிக்கப்பட்டன. அவற்றைப் படைத்தோருள் குறிப்பிடத்தக்கவர் பிரான்சிஸ் பார்க்மன். 1823இல் பாஸ்டனில் பிறந்து 1893இல் மறைந்த அவரை முன்னிறுத்தி, நடையழகு ஒன்றே ஒரு நூலுக்குப் போதுமா என ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

ஹார்வர்டில் பயின்ற பார்க்மன், 1846ஆம் ஆண்டு தம் உறவினர் குவின்சி ஆடம்ஸ் ஷா என்பவருடன் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பரந்த புல்வெளிகளைக் கடந்து லாரமி கோட்டையை அடைந்தார். ஓக்லாலா சூ என்னும் பழங்குடியினருடன் சில வாரங்கள் வாழ்ந்தார். குதிரையில் அமர்வதே அரிது என்னும் அளவுக்கு நோயால் மெலிந்தும் அவர் பயணத்தைக் கைவிடவில்லை. அப்பட்டறிவே 1849இல் 'ஓரிகன் பாதை' என்னும் நூலாக உருப்பெற்றது.

பயணத்திற்குப் பின் அவர்தம் உடல்நலம் சீர்குலைந்தது. கண்கள் ஒளியைத் தாங்கும் ஆற்றலை இழந்தன. கம்பிகள் பூட்டிய சட்டம் ஒன்றைத் தாளின்மேல் பொருத்தி, கம்பியைத் தடவி, வரி பிறழாமல் எழுதினார். ஆவணங்களைப் பிறர் படிக்கக் கேட்டார். இவ்வாறு உழைத்தே, வட அமெரிக்காவில் பிரான்சும் இங்கிலாந்தும் பொருத வரலாற்றை 1865 முதல் 1892 வரை வரிசையாக நூல்களாக்கினார்.

அவ்வரிசையில் 1884இல் வெளிவந்த 'மான்ட்காமும் உல்ஃபும்' புகழ்மிக்கது. 1759 செப்டம்பர் 13 அன்று கியூபெக் நகரின் புறத்தே நிகழ்ந்த போர் அந்நூலின் உச்சம். இரவோடிரவாக ஆற்றங்கரைச் செங்குத்துப் பாறையில் ஏறிய ஆங்கிலப் படை, விடியலில் சமவெளியில் அணிவகுத்தது. வென்ற தளபதி உல்ஃப் களத்திலேயே மாண்டார். தோற்ற தளபதி மான்ட்காம் மறுநாள் மாண்டார். இருவர் வீரத்திற்கும் ஒத்த மதிப்பளித்துப் பாடுகிறது பார்க்மனின் உரைநடை.

ஆயின், அந்த நடுவுநிலைமை பழங்குடியினர்க்குக் கிட்டவில்லை. அவர்களை நாகரிகம் ஏலாதவர், அழிவே விதியானவர் என்றே அவர் எழுதினார். உடன் உண்டு, உடன் உறங்கி, உடன் வேட்டையாடிய பின்னரும் அவ்வெண்ணம் மாறவில்லை.

'அது அக்காலத்தின் குறை. அவர் குறையன்று' எனச் சிலர் அமைதி கூறுவர். அவ்வமைதி பொருந்தாது. 'ஓரிகன் பாதை' வெளிவந்த 1849ஆம் ஆண்டிலேயே அதற்கு மதிப்புரை எழுதிய ஒருவர், நூலின் சுவையைப் பாராட்டினார். பழங்குடியினரை இகழும் போக்கை மட்டும் வெளிப்படையாக மறுத்தார். நம் முன்னோரும் ஒருகாலத்தில் அவ்வாறே வாழ்ந்தவர்கள் அல்லரோ என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் வேறு யாருமல்லர். ஈராண்டு கழித்து 'மோபி டிக்' நாவலை வெளியிட்ட ஹெர்மன் மெல்வில். பார்க்மனுக்கு இயலாத பார்வை, அதே நாட்டில், அதே ஆண்டில், பிறிதோர் எழுத்தாளருக்கு இயன்றது.

இதனால் பார்க்மனைப் படிக்கலாகாது என்பதன்று. சொற்சுவைக்காகவும் கதையோட்டத்திற்காகவும் அவர் நூல்கள் இன்றும் படிக்கத்தக்கனவே. எனினும், காட்சியின் அழகில் தோயும்போதே, 'இதில் பேச்சு மறுக்கப்பட்டவர் யார்?' என்று வினவுவது படிப்போர் கடன்.

கவிஞர்க்கோ அக்கடன் இருமடங்கு. கண்ணொளி குன்றியும் சிறக்க எழுத முடியும் என்பதற்குப் பார்க்மன் சான்று. உடன் வாழ்ந்தோரின் உள்ளத்தை உணராமலும் சிறக்க எழுதிவிட முடியும் என்பதற்கும் அவரே சான்று. முன்னது ஊக்கம், பின்னது எச்சரிக்கை. எழுதுகோல் எடுக்கும் கைக்கு இரண்டும் வேண்டும்.