ஞாயிற்றின் சீற்றமும் மலைநாட்டு வானொலியும்

ஏப்ரல் மாத முற்பகுதியிலும் செப்டெம்பர் மாத முற்பகுதியிலும் நண்பகல் ஞாயிறு கண்டி மாநகரின் நேர் உச்சியில் நிற்கின்றது. வாவிக்கரையில் நடப்போரின் நிழல் காலடியிலே ஒடுங்கிவிடும். அவ்வெயிலுக்கும் சூரியப் புயல் எனப்படுவதற்கும் உறவு யாதும் இல்லை என்றே பலரும் எண்ணுவர். உறவு உண்டு, ஆயின் அது வெப்பத்தால் வந்த உறவன்று.

ஞாயிற்றின் முகத்திலே கரும்புள்ளிகள் தோன்றும் இடங்களில் காந்தவிசை முறுக்கேறிக் கிடக்கும். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்புள்ளிகள் மலிகின்றன. முறுக்கு அவிழும் வேளையில் அங்கிருந்து இரண்டு தூதர் புறப்படலாம். ஒருவர் எக்ஸ் கதிர். ஒளியின் வேகத்தில் 8 நிமிடங்களில் புவியை அடைந்துவிடுவார். மற்றவர் மின்னேற்றம் பெற்ற துகட்கூட்டம். ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை வழிநடந்து வந்து, புவியின் காந்தப்புலத்தை உலுக்குவார். 1859 செப்டெம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்தில் கரிங்டன் என்னும் வானியலார் சூரியப் புள்ளிகளினிடையே திடீர் ஒளியொன்றைக் கண்டார். மறுநாளே பம்பாய் கொலாபா ஆய்வுகூடத்தின் காந்தக் கருவிகள் பெருவீழ்ச்சியைக் காட்டின.

1989 மார்ச் 13ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இத்தகைய காந்தப் புயலொன்றால் சுமார் 60 இலட்சம் மக்கள் ஏறத்தாழ 9 மணிநேரம் மின்சாரமின்றி இருந்தனர். விக்டோரியா அணையின் மின்சாரத்துக்கும் அக்கதி நேருமோ? துருவங்களை அண்டிய நாடுகளில், துருவ ஒளியோடு வான்மேல் எழும் பெரும் மின்னோட்டங்களே நெடுங்கம்பிகளைத் தாக்குவன. கண்டியோ காந்த நடுக்கோட்டின் அருகே உள்ளது. அக்கோட்டின் மேலும் பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுவது மெய்யே. எனினும் கியூபெக்கில் நேர்ந்தது போன்ற இடர் இங்கு அரிது. சூரியப் புயலன்று கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்து உறங்கினால் கதிர் தாக்கும் என்று பரப்பப்படும் செய்தியோ வெறும் புரளி. அக்கதிர்களை வளிமண்டலம் மேலேயே தடுத்துவிடுகின்றது.

அஞ்சத்தக்கது வேறொன்று. சிற்றலை வானொலி, வானின் மின்னேற்ற மண்டலத்திற் பட்டுத் திரும்பியே தொலைதூரம் செல்கின்றது. எக்ஸ் கதிர் பாய்ந்ததும் அம்மண்டலத்தின் கீழ்ப்படை தடித்து, அலைகளைத் திருப்பவிடாது விழுங்கிவிடும். ஞாயிறு உச்சியில் நிற்கும் இடத்திலேதான் இம்மறைவு மிகக் கடுமையாகும். 2017 செப்டெம்பர் 6ஆம் நாள் கரிபியன் தீவுகளை இர்மா சூறாவளி சூறையாடிய வேளையில், ஞாயிற்றிலும் பெருவெடிப்பு நிகழ்ந்து, மீட்புப் பணியாளரின் சிற்றலைத் தொடர்பு அறுந்தது. கண்டி மக்களுக்கு இது தொலைவான கதையன்று. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலைச்சரிவுகளைப் பெயர்த்துப் பாதைகளையும் தொலைபேசித் தொடர்புகளையும் துண்டித்தபோது, வெளியுலகோடு பேச வழியற்ற ஊர்கள் பல. அத்தகைய நாளில் தொழில்சாரா வானொலியாளரின் சிற்றலைக் கருவியே உயிர்நாடியாகக்கூடும்.

புவியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் இந்தியாவின் ஆதித்யா விண்கலம் 2024 ஜனவரி முதல் ஞாயிற்றை நோக்கியிருக்கின்றது. துகட்கூட்டம் வருவதை அது முன்கூட்டி உணர்த்தலாம். கதிரின் வரவை உணர்த்த இயலாது. கண்ட செய்தியும் கதிரும் ஒரே வேகத்தில் அன்றோ வருகின்றன! ஆகவே பகலில், நல்ல நிலையிலிருந்த சிற்றலை திடீரென ஊமையானால், கருவியைக் கழற்றிப் பார்க்குமுன் சற்றுப் பொறுத்திருத்தல் நன்று. பெரும்பாலும் ஒரு மணிநேரத்துக்குள் மறைவு தணியும். உயர்ந்த அதிர்வெண்களே முதலில் மீளும்; முதல் அழைப்பை அவற்றிலே விடுக்கலாம்.