மலையேற்றத்தில் வலுவும் முறுக்கும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமயமும் தமிழும் பேசப்படும் இம்மேடையில் மோட்டார் காரைப் பற்றிப் பேச நாம் வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், நம்மவர்கள் விடுமுறை தோறும் வான் பிடித்து றம்பொடை ஆஞ்சநேயரையும் சீதா எலியவில் சீதையம்மனையும் தரிசிக்கப் போகிறார்கள். அப்பாதை ஏறிச் சேரும் நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்திப் புறப்படுவது நல்லதே. ஆனால், ஏறும் வண்டியின் இயல்பை அறிந்து புறப்படுவதும் நம் கடமையாகும். 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி, றம்பொடைக்கு அண்மையிலுள்ள கெரண்டி எல்லவில் பயணிகள் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரை நாம் மறந்துவிடவில்லை. மலைப்பாதையில் விளையாட்டுக்கு இடமில்லை.

இளைஞர்கள் கூடுமிடங்களில் ஒரு வாதம் அடிக்கடி எழுவதுண்டு. “குதிரைவலு கூடிய கார்தான் மலையேறும்” என்பர் ஒரு சாரார். “குதிரைவலு விளம்பரத்துக்கு, மலையேற்றுவது முறுக்குவிசையே” என்பர் மறு சாரார். இரு சாராரும் பாதி உண்மையைச் சொல்கின்றனர். மற்றப் பாதியை இன்று ஆராய்வோம்.

முறுக்குவிசை என்பது யாது? ஒரு பொருளைத் திருப்பும் பலம். இறுகிய நட்டொன்றைக் குட்டை ஸ்பானரால் கழற்ற முடியாதபோது நீண்ட ஸ்பானரை எடுக்கிறோம். கை அதே கைதான். பிடி நீண்டதனால் திருப்பும் பலம் கூடிவிடுகிறது. செக்கிலே நீண்ட மரத்தைப் பூட்டி மாட்டை வெளி வட்டத்தில் நடக்க விட்ட நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

குதிரைவலு என்பது யாது? ஒரு வேலை எவ்வளவு விரைவாகச் செய்யப்படுகிறது என்பதன் அளவு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் என்பார் தமது நீராவி எஞ்சின் எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று வாங்குவோருக்குக் காட்டவே இவ்வளவை வகுத்தார். ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் பாரத்தை ஓர் அடி உயரம் தூக்குவது ஒரு குதிரைவலு. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 746 வாற்று. முறுக்குவிசையையும் எஞ்சின் சுற்றும் வேகத்தையும் பெருக்கியே வலு கணிக்கப்படுகிறது. ஆதலால் இவ்விரண்டும் பகையாளிகள் அல்ல. ஒன்று மற்றதன் அங்கம்.

நமது தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். இருப்பிலிருந்து தேரைக் கிளப்புவதுதான் கடினம். வடம் பிடித்தோர் ஒருங்கே இழுக்க வேண்டும். அசையாவிடின் சில்லின் கீழே சன்னை கொடுத்து நெம்ப வேண்டும். அதுவே முறுக்குவிசைக்கு உவமை. கிளம்பிய தேர் எவ்வளவு நேரத்தில் வீதி சுற்றி வருகிறது என்பது வலுவின் காரியம்.

இனி ஒரு சிறு கணக்கு. ஆட்களுடன் 1,000 கிலோ நிறையுள்ள கார், பத்து மீற்றர் ஓடினால் ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தில் போகிறது என்று கொள்வோம். நிறையில் பத்திலொரு பங்கு, அதாவது 100 கிலோ, அதனைப் பின்னோக்கி இழுக்கும். சில்லுகள் உருள்வதற்கான தடையையும் சேர்த்தால் 115 கிலோ என்று வைக்கலாம். சில்லின் ஆரை 28 சென்ரிமீற்றர் ஆயின், சில்லிலே வேண்டிய முறுக்குவிசை ஏறக்குறைய 320 நியூற்றன் மீற்றர். எஞ்சின் தருவதோ 70 மட்டுமே. உச்சக் கியரில் அது நான்கு மடங்காகிச் சில்லை அடையுமாயின் 280; கார் திணறி நின்றுவிடும். இரண்டாம் கியரில் எட்டு மடங்காகுமாயின் 560; கார் தயக்கமின்றி ஏறும்.

இங்கேதான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. கியர்ப்பெட்டி முறுக்குவிசையைப் பெருக்கும். வலுவை ஒருபோதும் பெருக்காது. எனவே, சிறிய எஞ்சினும் தக்க கியரில் செங்குத்தான ஏற்றத்தை ஏறிவிடும். எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு மட்டும் வலு எல்லை வகுக்கும். மேற்சொன்ன கார் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏறச் சில்லுகளிலே 13 குதிரைவலு போதும். 60 கிலோமீற்றர் வேகம் வேண்டுமாயின் 25 தேவை. ஏறுவதா இல்லையா என்பதைக் கியரோடு கூடிய முறுக்கு தீர்மானிக்கும். எப்போது போய்ச் சேர்வது என்பதை வலு தீர்மானிக்கும்.

பெரியோர்கள் ஓட்டிய மொறிஸ் மைனர் 1000 காரையும், இன்று நம் வீதிகளில் ஓடும் மாருதி சுசூக்கி ஆல்ட்டோ 800 காரையும் ஒப்பிடுவோம். 1956இல் வந்த மொறிஸின் எஞ்சின் 37 குதிரைவலுவுடையது. ஆல்ட்டோவுக்கு ஏறக்குறைய 47. ஆனால் முறுக்குவிசையோ மொறிஸுக்கு 68 நியூற்றன் மீற்றர், ஆல்ட்டோவுக்கு 69! அப்படியாயின் வேற்றுமை எங்கே? மொறிஸ் தன் முழு முறுக்கையும் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலே தந்துவிடும். ஆல்ட்டோ 3,500 சுற்றிலேதான் தரும். பழைய காரோட்டிய பழக்கத்தில், எஞ்சின் இரைகிறதே என்று அஞ்சி உயர்ந்த கியரில் வைத்து அமுக்கினால் புதிய கார் முனகும், நடுங்கும், நின்றும் போகும். மாருதி என்பது வாயு மைந்தனின் திருநாமமாயினும், அந்தக் காருக்கும் ஒரு கியர் குறைத்து, சற்றே சுற்ற விட்டால்தான் மலை வசப்படும். டீசல் எஞ்சின்கள் மலைக்குப் பேர் பெற்றதும் குறைந்த சுற்றிலே நிறைந்த முறுக்கைத் தருவதனாலேயாம்.

உயரத்துக்குச் செல்லச் செல்லக் காற்றும் ஐதாகும். நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஆகையால், காற்றை இயல்பாக உள்ளிழுக்கும் சாதாரண எஞ்சின் அங்கே தன் பலத்தில் ஐந்திலொரு பங்கை இழந்து நிற்கும். கொழும்பில் பறந்த கார் அங்கே சோர்ந்தால் அது காரின் நோயன்று.

மின்மோட்டாருக்கு இக்குறை இல்லை. நின்ற நிலையிலிருந்தே அது பெரும் முறுக்கைத் தரவல்லது. நம் மலைநாட்டு ரயில் இதனை எப்போதோ கண்டுவிட்டது. பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரத்தைத் தொடும் அப்பாதைக்கு ஏற்ற டீசல் எஞ்சின்கள் 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்தன. அவற்றில் டீசல் நேராகச் சில்லைச் சுழற்றுவதில்லை. மின்சாரத்தை ஆக்குகிறது, மின்மோட்டாரே சில்லைச் சுழற்றுகிறது. இன்று நம்மிடையே ஓடும் மின்சாரக் கார்களும் அந்த மின்மோட்டாரின் குணத்தினாலேயே மேட்டில் சத்தமின்றி ஏறுகின்றன.

அன்பர்களே! ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு சொன்னோம். உயிர்ச்சேதம் பெரிதும் நேர்வது இறக்கத்திலாகும். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு வரும் கார் ஏறக்குறைய 1,400 மீற்றர் இறங்குகிறது. 1,000 கிலோ நிறை அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிப்படும் சத்தி, 40 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அத்தனையையும் பிறேக்கே தாங்க வேண்டுமென்றால் அது காய்ந்து, பிடியிழந்து, நாம் மிதிக்கும்போது வெறுமனே தாழ்ந்துவிடும். ஏற்றத்தில் முறுக்கைப் பெருக்கித் தந்த அதே தாழ்ந்த கியர், இறக்கத்தில் எஞ்சினின் எதிர்ப்பையும் பெருக்கிச் சில்லைப் பிடித்து வைக்கும். தேருக்கு முட்டுக்கட்டை எப்படியோ, காருக்குத் தாழ்ந்த கியர் அப்படி. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவோம் என்பதை ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தானியங்கிக் கியர் உள்ள வாகனங்களில் ‘எல்’ அல்லது ‘பி’ என்று குறித்த நிலை இதற்காகவே உள்ளது. மின்சாரக் கார் இறங்கும்போது மின்கலத்தில் சத்தியைத் திரும்பச் சேர்த்துத் தன்னை அடக்கிக்கொள்ளும். ஆனால் மலையுச்சியில் மின்கலத்தை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் சேர்க்க இடமிராது என்பதை மறத்தலாகாது.

பெற்றோல் மிச்சம் பிடிக்கலாமென்று இறக்கத்தில் நியூற்றலில் விடும் வழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. இது தற்கொலைக்கு ஒப்பானது. அதில் மிச்சமும் இல்லை. இன்றைய எஞ்சின்கள், கியரில் இருக்கும்போது சாரதி காலை எடுத்தால், எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. நியூற்றலில் விட்டாலோ எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். காசும் போய், காவலும் போகும் செயலை விட்டுவிடுவோம். வாடகை வானில் போகும்போது சாரதி இவ்வாறு செய்யக் கண்டால், பெரியவர்கள் கூச்சப்படாது “தம்பி, கியரில் விட்டு இறங்கப்பா” என்று சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவை நம் பிள்ளைகளின் உயிர்கள் அல்லவா?

இறுதியாக ஒன்று. ஒடுங்கிய மலைப்பாதையில் இரு வாகனங்கள் எதிர்ப்பட்டால், இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு வழிவிடுவது நல்லோர் மரபு. ஏன்? மேட்டில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்ப எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதை மேலே கண்டோம். இறங்குபவருக்கு அந்தப் பாரம் இல்லை. இந்த மரபு வீதிக்கு மட்டும் உரியதன்று. வாழ்விலே ஏறி முடித்தோர், இப்போது ஏறத் தொடங்குவோருக்குச் சற்று ஒதுங்கி இடம் கொடுத்தால், பின்வரும் இளைஞர் இடைவழியில் நின்றுவிட மாட்டார்கள். இளைஞர்களும் வேகம் ஒன்றையே பலமென்று எண்ணாது, தத்தம் ஏற்றத்துக்குத் தக்க கியரில் நிதானமாக ஏறுவார்களாக.