பந்தயக் களமும் பொதுச் சாலையும்



வங்கக் கடலோரத்திலே இருக்கும் சதுரங்கப்பட்டினம் என் ஊர். டச்சுக்காரர் கட்டிய பழங்கோட்டையைக் காண வந்தவர்கள் எங்கள் ஊரை அறிவார்கள். அமைதியான ஊர்தான். ஆயினும், விடுமுறை நாட்களின் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்றால், சென்னையிலிருந்து பறந்துவரும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலே காதில் விழும்.

அந்தச் சாலையில்தான் சென்ற ஆண்டு என் தமக்கை மகன் விழுந்தான். கல்லூரி மாணவன். தலைக்கவசம் தலையில் இல்லை. வண்டியின் கைப்பிடியில் தொங்கியது. கால் எலும்பு முறிந்ததோடு பிழைத்தான். நான் கடிந்துகொண்டபோது, சுவரில் ஒட்டியிருந்த படம் ஒன்றைக் காட்டி, "மாமா, இவர் வேகமாகப் போனால் வீரர், நான் போனால் மட்டும் குற்றமா?" என்று கேட்டான். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. படத்தில் இருந்தவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அவர் பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ். மேடும் பள்ளமுமான மண் பாதையில் வண்டி தாவிப் பாயும் 'மோட்டோகிராஸ்' பந்தயத்தில் பலமுறை தேசியப் பட்டம் வென்றவர். அத்துடன் நிறைவு கொள்ளாமல் பாலைவனப் பந்தயங்களுக்குச் சென்றார். 2013-இல் அபுதாபியில் நடந்த பந்தயத்தில் விழுந்தார்; வண்டி தீப்பற்றியது. கழுத்தில் கடுமையான தீக்காயங்கள். வேறொருவராயின் அன்றே விளையாட்டைத் துறந்திருப்பார். அவரோ மீண்டும் வண்டியேறி, 2015-இல் டாக்கர் பந்தயத்தில் கலந்துகொண்டார்.

டாக்கர் பந்தயம் 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டாக்கர் நகரை நோக்கித் தொடங்கியது. பின்னர் தென் அமெரிக்காவுக்கும், 2020 முதல் சவுதி அரேபியாவுக்கும் மாறியது. ஏறத்தாழ இரண்டு வாரங்கள், பல்லாயிரம் கிலோமீட்டர். வீரனே வழிக்குறிப்புகளைப் படித்து வழி கண்டறிய வேண்டும். 2015-இல் சந்தோஷ் 36-ஆவது இடத்தில் முடித்தார். அந்தப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் அவரே.

இனி, இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். 2020 ஜனவரி 12 அன்று அவருடைய அணித் தோழரும், 2013-இன் உலகப் பட்டம் வென்றவருமான போர்ச்சுகல் வீரர் பாலோ கொன்சால்வெஸ் பந்தயத்திலேயே உயிர் துறந்தார். அணி முழுவதும் போட்டியிலிருந்து விலகியது. மறு ஆண்டு சந்தோஷே தலையில் அடிபட்டு வீழ்ந்தார். ரியாத் மருத்துவமனைக்கு வானூர்தியில் கொண்டு செல்லப்பட்டு, மருந்தினால் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டுப் பிழைத்தெழுந்தார். இவ்வளவு காவல்கள் இருந்தும் களத்தில் இந்நிலை! காவலே இல்லாத சாலையில் என்னாகும்?

'ஸ்பீட்வே' என்றொரு பந்தயம் உண்டு. நால்வர் மண் வட்டத்தில் நான்கு சுற்றுகள் ஓடுவார்கள். அவ்வண்டிகளுக்குப் பிரேக்கே கிடையாது! ஆனால் வீரனின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அவன் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். பிரேக் இல்லாத விளையாட்டுக்குள்ளும் இத்தகைய முன்னெச்சரிக்கை இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்தபின் மருமகனிடம் சென்றேன். "தம்பி, அந்த வீரரோடு பந்தயத்தில் ஓடும் ஒவ்வொருவரும் ஆபத்தை அறிந்து, ஒப்புக்கொண்டு வந்தவர். நம் ஊரில் மீன்கூடையைத் தலையில் சுமந்து சாலையைக் கடக்கும் கிழவி உன் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டாளா?" என்று கேட்டேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்று ஒரு பாட்டி குறுக்கே வந்தாள் மாமா. அவளுக்காகத்தான் வண்டியைத் திருப்பினேன்" என்றான். அதுவரை எவரிடமும் அவன் இதைச் சொன்னதில்லை.

நண்பர்களே, வேகத்தின்மேல் ஆசை கொள்வது இளமைக்கு இயல்பு. அதை நான் பழிக்கவில்லை. அதற்கென இடங்கள் உள்ளன. ஒருகாலத்தில் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை உள்ளது. சந்தோஷும் கோலார் அருகே மண் பாதை அமைத்து இளைஞர்களைப் பழக்கினார். அவருக்குப் பின் வந்த கேரள இளைஞர் ஹரித் நோவா 2024 டாக்கரில் தம் பிரிவில் முதலிடம் பெற்றார்.

என் மருமகன் இப்போது ஊன்றுகோலின்றி நடக்கிறான். சுவரில் படம் இன்னும் இருக்கிறது. அதை நான் அகற்றச் சொல்லவில்லை. அதன் அருகிலுள்ள ஆணியில் இப்போது தலைக்கவசம் தொங்குகிறது. வெளியே புறப்படும்போது அது அவன் தலைக்கு வந்துவிடுகிறது.