யூதர் சட்டமும் மனித புத்தியும்



யூதர் சட்டம் என்றால் மோசே கொண்டுவந்த பத்துக் கட்டளைகள்தான் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். சங்கதி அப்படியல்ல. அந்த வேதத்தின்மேல் பண்டிதர்கள் பல நூறு வருஷ காலம் செய்த விவாதங்கள் தால்முத் என்ற பெரும் நூலாக இருக்கின்றன. கூலி, கடன், வாடகை, கண்டெடுத்த பொருள் முதலிய அன்றாட வழக்குகள் அதில் ஏராளம். வாங்கும் எண்ணமே இல்லாதவன் கடைக்காரனிடம் சும்மா விலை கேட்கக் கூடாது என்பதுகூட அதில் ஒரு விதி.

அதில் சொல்லப்படும் ஒரு வழக்கைக் கேளுங்கள். கூலியாட்கள் சிலர் ஒருவருடைய திராட்சை மதுச் சாடியைச் சுமந்து போகையில் உடைத்து விட்டார்கள். சரக்குக்காரர் நஷ்டத்துக்கு ஈடாக அவர்களுடைய மேலங்கிகளைப் பிடுங்கிக் கொண்டார். அவர்கள் ரவ் என்ற பண்டிதரிடம் முறையிட, அவர் அங்கிகளைத் திருப்பிக் கொடுக்கும்படி சொன்னார். இதுதான் சட்டமா என்று சரக்குக்காரர் கேட்டார். ஆம் என்றார் ரவ். ஆட்களோ, தாங்கள் ஏழைகள் என்றும், நாளெல்லாம் உழைத்தும் பசியோடு நிற்பதாகவும் சொன்னார்கள். அப்படியானால் கூலியையும் கொடு என்றார். இதுவும் சட்டமா? இதுவும் சட்டந்தான்! நல்லவன் நடக்கவேண்டிய வழியே சட்டம் என்பது அவர் அபிப்பிராயம்.

இன்னொன்று. ஏழாவது வருஷத்தில் கடன் தள்ளுபடி என்பது வேதக் கட்டளை. ஏழைக்காக ஏற்பட்ட அக்கட்டளையால், அவ்வருஷம் நெருங்க நெருங்க ஏழைக்குக் கடன் கொடுப்பாரே இல்லாமற் போயிற்று. சுமார் 2000 வருஷங்களுக்கு முன் ஹில்லெல் என்பவர், கடனை நியாயசபையிடம் ஒப்புவித்துப் பத்திரம் எழுதிவிட்டால் தள்ளுபடியாகாது என்று ஏற்பாடு செய்தார். வேத வாக்கியம் அப்படியே இருந்தது, காரியம் மாறிவிட்டது.

ஓர் அடுப்பு சுத்தமா அசுத்தமா என்ற வழக்கில் எலியேசர் என்பவர் மரத்தை நகர்த்தினாராம், ஓடையைப் பின்னோக்கி ஓடவிட்டாராம், வானத்திலிருந்து அசரீரியையும் வரவழைத்தாராம். யோசுவா என்பவர் எழுந்து, சட்டம் இனி வானத்துக்குச் சொந்தமல்ல என்றார். பெரும்பான்மையோர் தீர்ப்பே நின்றது. அற்புதம் தோற்றது என்று மத நூலே சொல்வது ஆச்சரியமல்லவா?

தோழர்களே! இவ்வளவு புத்தி பெண்கள் விஷயத்தில் எங்கே போயிற்று? அச்சட்டப்படி, புருஷன் தானாக ‘கெட்’ என்னும் விடுதலைச் சீட்டைக் கொடுத்தாலொழிய மனைவிக்கு விடுதலை இல்லை. அவன் ஓடிப்போனாலும், சீட்டுக்குப் பணம் கேட்டாலும் அவள் மறுமணம் செய்துகொள்ள முடியாது. அவளுக்குப் பெயரே ‘அகுனா’, அதாவது கட்டுண்டவள். சுமார் 1000-ஆவது வருஷத்தில் ஜெர்மனியில் கெர்ஷோம் என்பவர், மனைவியின் சம்மதமின்றி அவளைத் தள்ளக்கூடாது என்று விதித்தார். நல்லதுதான். ஆனால் சீட்டைக் கொடுக்கும் அதிகாரம் அவளுக்கு வரவில்லை. இஸ்ரேலில் 1953-ஆம் வருஷத்துச் சட்டம் யூதருடைய கல்யாணத்தையும் விவாகரத்தையும் மத நீதிமன்றங்களிடமே விட்டது. சீட்டுக் கொடுக்க மறுப்பவனைச் சிறையில் வைக்கவும் 1995-ஆம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுக்கிறது. அவன் சிறையிலிருந்துகொண்டே மறுத்தால்? அவள் கட்டுண்டவளே!

கடன் முடங்கியபோது வேத வாக்கியத்துக்கு வழி கண்டுபிடித்தார்களே, ஒரு பெண்ணின் வாழ்வு முடங்கும்போது வாக்கியம் ஏன் மலையாக நிற்கவேண்டும்? சட்டம் வானத்துக்குச் சொந்தமல்ல என்று அவர்கள் நூலே சொல்லுகிறது. அப்படியானால் அந்த விலங்கு மனிதன் பூட்டியது. மனிதன் பூட்டியதை மனிதன் கழற்ற முடியாதா? யோசித்துப் பாருங்கள் என்று கேட்டு முடித்துக் கொள்ளுகிறோம்.